குதிரைப் பந்தயமும் டெலிவிஷன் புராணமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை பாலவாக்கத்தில் நமது தோழர்கள் ஒரு வாசிப்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு தோழருடைய வீட்டுத் திண்ணையில்தான் கூட்டம். வழக்கமாகத் தவறாமல் வருகிறவர்களில் நான்கு பேரைக் காணவில்லை. எங்கே என்று விசாரித்ததில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு டீக்கடையில் இருக்கின்றார்கள் என்று தெரிந்தது. கூட்டத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு நாமே போய்ப் பார்த்தோம். நால்வரும் ஒரே செல்போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். பெங்களூரில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. நம்மைக் கண்டதும் ஒருவர் வெட்கப்பட்டு, "இதோ ஒரு நிமிஷம் அண்ணே, முடிஞ்சுடும்" என்றார். சொன்னபடியே ஒரு நிமிஷத்தில் முடிந்தும் விட்டது. மூவருடைய முகம் தொங்கிப்போயிற்று. நான்காமவர் முகம் மாத்திரம் தொங்கவில்லை. ஏனென்றால் அவர் பணம் கட்டவில்லை. கட்டினவர்களுக்குப் புத்தி சொல்லுவதற்காக நின்றுகொண்டிருந்தாராம்!

பிறகு கூட்டம் நடந்தது. முடிந்து நாம் புறப்படும் சமயம், குப்பத்தில் மீன் விற்று ஜீவனம் செய்யும் ஒரு அம்மாள் நம்மை வழிமறித்தார். முகம் தொங்கிய மூவரில் ஒருவர் அவருடைய கணவர். "அண்ணே, குதிர ஓடறது பெங்களூர்ல. எங்க வூட்டு அடுப்பு இங்க ஏன் அணையுது?" என்று கேட்டார். காதிலிருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டதாகவும், பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தில் பாதி போய்விட்டதாகவும் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் நாம் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் நிறுத்தவில்லை. "சாமியக் கும்பிடாதன்னு சொல்லிக் குடுத்தீங்க, வுட்டுட்டாரு. குதிரயக் கும்பிடாதன்னு ஏன் சொல்லிக் குடுக்கல?" என்றார்.

இந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் நம்மிடம் பதில் இல்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆகவேதான் இதை எழுதுகின்றோம்.

சூதினால் குடி கெடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் திரும்பச் சொல்லுவதற்குப் பத்திரிகையில் இடம் பாழாக்க வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. இந்தப் பந்தயங்களை டெலிவிஷனிலும் செல்போனிலும் காட்டுகின்ற யோக்கியதை எப்படிப்பட்டது என்பதுதான் நமது கேள்வி. முன்பெல்லாம் ரேஸ் ஆடுகிறவன் கிண்டிக்குப் போகவேண்டும். பஸ் கூலி கொடுக்கவேண்டும், நுழைவுச் சீட்டு வாங்கவேண்டும், தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டும். அந்தப் பயமே சில குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும். இன்றைக்கோ ரேஸ் மைதானம் அவனவன் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பயமும் போயிற்று. ஆகவே பந்தயத்தைப் பற்றி ஒரு பாமரன் என்ன தெரிந்துகொள்ளுகிறான் என்பதெல்லாம், அந்தச் சிறு கண்ணாடியில் அவனுக்கு என்ன காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்ததாக ஆகிவிட்டது.

அவனுக்கு என்னதான் காட்டுகிறார்கள்? அந்த டீக்கடையில் நாமும் நின்று மேற்கொண்டு இரண்டு பந்தயங்களைப் பார்த்தோம். முதலில் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகின்றார்கள். ரோமம் பளபளவென்று மின்னுகிறது. கோட்டு போட்ட ஒருவர் ஒவ்வொரு குதிரையின் தாய் தகப்பன் பெயரைச் சொல்லி, கோத்திரம் சொல்லும் புரோகிதரைப் போல் வரிசையாக ஒப்பிக்கிறார். அடியில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு மூன்று, அந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு எட்டு என்று கணத்துக்குக் கணம் அவை மாறுகின்றன. பிறகு ஓட்டம். மைதானத்தின் அக்கரையில் குதிரைகள் போகும்போது சில வர்ணத் தொப்பிகள் நகர்வதுதான் தெரிகிறதே தவிர, எது எந்தக் குதிரை என்று பணம் கட்டினவனுக்கே தெரிவதில்லை. வர்ணனை செய்கிறவர் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பொழிகிறார். நமது தோழர்களுக்கு அதில் விளங்கினது குதிரையின் பெயர் ஒன்றுதான். கடைசி இருநூறு மீட்டரில்தான் காமிரா கிட்டே வருகிறது. அங்கே சாட்டை வீச்சும் கூச்சலும் தவிர வேறில்லை. முடிந்தவுடன் ஜெயித்த குதிரையை மாத்திரம் பிடித்துக்கொண்டு, அதன் சொந்தக்காரர், அவர் சம்சாரம், பட்டுப்புடவை, கோப்பை, கை குலுக்கல் ஆகிய இவைகளை நிதானமாகக் காட்டுகின்றார்கள். அது முடிவதற்குள் அடுத்த பந்தயத்தின் எண்கள் அடியில் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

ஓடினவை பத்துக் குதிரைகள். பந்தயம் முடிந்தபின் காட்டப்பட்டது ஒன்று. மற்ற ஒன்பது என்ன ஆயின? அந்த ஒன்பதின் மேல் பணம் கட்டினவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் யாராவது ஒருவன் முகத்தையாவது காமிரா காட்டியதா? அடுத்த பந்தயத்துக்குப் பணத்துக்காக அவன் யாருக்குப் போன் செய்தான் என்பதைக் காட்டியதா?

பழைய கிரேக்க தேசத்தில் டயாகரஸ் என்று ஒரு நாத்திகர் இருந்தார். கடலில் புயலடித்தபோது தேவர்களுக்கு நேர்ந்துகொண்டு உயிர்பிழைத்தவர்களுடைய சித்திரங்கள் கோவிலில் மாட்டியிருந்தனவாம். "இவ்வளவு பேரைக் கடவுள் காப்பாற்றியிருக்கிறாரே, இதைப் பார்த்துமா நீர் நம்பவில்லை?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நேர்ந்துகொண்டும் மூழ்கிப்போனவர்களின் சித்திரங்களை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாராம். கடலுக்குப் போய்வருகின்ற பாலவாக்கத்துத் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. திரும்பி வந்த படகை மாத்திரம் எண்ணிக்கொண்டு, "கடல் யாரையும் ஒன்றும் செய்யாது" என்று ஒருவன் சொன்னால் குப்பத்துப் பெண்கள் அவனை என்ன செய்வார்கள்? குதிரைப் பந்தய ஒளிபரப்பு சொல்லுவது அந்த வார்த்தையைத்தான். கோவிலில் சித்திரம் மாட்டினார்கள், இங்கே வீடியோவில் மாட்டுகின்றார்கள். வித்தியாசம் இவ்வளவே.

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஓடுகிற படத்துக்கு ஆதியே ஓடுகிற குதிரைதான். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையைச் சித்திரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக, முன்னங்கால் இரண்டும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டி, ஆகாயத்தில் பறப்பதுபோல் எழுதிவந்தார்கள். பெரியவர்கள் எழுதினார்கள், ஆகவே சின்னவர்களும் எழுதினார்கள். நமது சாஸ்திரங்கள் நிலைத்ததும் இந்த ரீதியில்தானே? 1878-ம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர், ஓடுகிற பாதையோரத்தில் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டுக் கிளம்புவது மெய்தான், ஆனால் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருக்கும்போதுதான் அப்படிக் கிளம்புகிறது என்று தெரிந்தது. (இதற்காகக் குதிரைச் சொந்தக்காரர் பெருந்தொகை பந்தயம் கட்டியிருந்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதையைத் தள்ளிவிடுவோம்.) ஆக, பெரியவர்கள் கண்ணை நம்பிக் கெட்டுப்போன ஒரு விஷயத்தைக் காமிரா வந்து ஒரே நாளில் திருத்திற்று. காமிரா என்கின்ற கருவி இதற்கல்லவா ஏற்பட்டது?

மற்றொரு சமயம் காமிரா தான் காட்ட நினைக்காததையே காட்டிவிட்டது. 1913-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, இங்கிலாந்தில் எப்சம் மைதானத்தில் டெர்பி பந்தயம். அரசர் குதிரையும் ஓடிற்று. சினிமாக்காரர்கள் குதிரைகளைப் படம் பிடிக்க நின்றிருந்தார்கள். வளைவில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிவந்த எமிலி டேவிசன் என்ற மாது வேலிக்கடியில் நுழைந்து ஓடுபாதைக்கு வந்து, அரசர் குதிரையின் குறுக்கே நின்றார். குதிரை இடித்து விழுந்தார். நாலாம் நாள் இறந்துபோனார். குதிரை எழுந்து ஓடிவிட்டது, ஜாக்கியும் பிழைத்துக்கொண்டார். ராஜமாதா அலெக்ஸாண்ட்ரா அந்த ஜாக்கிக்கு அனுதாபத் தந்தி கொடுத்தார். அந்த மாதைப் பைத்தியக்காரி என்று அதிலே ஏசியும் இருந்தார். சீமையில் பெண்களில் ஒரு சாராருக்கு 1918-லும், ஆண்களுக்குச் சமமாக 1928-லும் ஓட்டு வந்தது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அன்றைக்கு எந்தக் குதிரை ஜெயித்தது என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அதே எப்சம் டெர்பியைத்தான் 1931-ல் பேர்டு என்பவர் டெலிவிஷன் மூலம் முதன்முதலில் அனுப்பிக் காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை இயந்திரம் எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. மூக்கு நுனி வித்தியாசத்தையும் நிறுத்திக் காட்டுகின்றார்கள். மேலே பறந்து காட்டுகின்றார்கள். ஆனால் மூக்கு நுனியைக் காட்டத் தெரிந்த இயந்திரத்துக்கு ஏன் கணக்கைக் காட்டத் தெரியவில்லை என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

அது என்ன கணக்கு? டோட் என்பது என்னவென்று நமது தோழர்களில் அநேகருக்குத் தெரியாது. ஒரு பந்தயத்துக்கு எல்லோரும் கட்டுகிற பணம் ஒரு குவியலாகச் சேர்க்கப்படுகிறது. அதிலிருந்து நடத்துகிறவர்கள் பங்கும் சர்க்கார் பங்கும் முதலில் எடுக்கப்படும். மிச்சம்தான் ஜெயித்த குதிரையின் மேல் கட்டினவர்களுக்குப் பங்கிடப்படும். எந்தக் குதிரை ஜெயித்தாலும் முதலில் எடுக்கிற பங்குக்குச் சேதமில்லை. கோவில் உண்டியல் மாதிரியேதான்: வேண்டுதல் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் உண்டியலுக்கு நஷ்டமில்லை.

கணக்கு எளிதாக இருப்பதற்காக, எடுக்கிற பங்கு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுவோம். நூறு பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் 100 ரூபாய் கட்டுகின்றார்கள். திரும்புவது 80. வந்த பணத்தை அடுத்த பந்தயத்தில் அப்படியே போடுகின்றார்கள். (போடாமல் எழுந்து வருகிறவன் எவன்?) 80 ஆனது 64 ஆகும். மூன்றாவதில் 51 ஆகும். நாலாவதில் 41, ஐந்தாவதில் 33. ஆறாவது பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, அந்த நூறு பேரிடமும் சேர்ந்து இருப்பது 26 ரூபாய். இதில் ஒருவன் இருபது ரூபாயோடு போனால் அவன் கெட்டிக்காரன் என்று பேர் வாங்குவான். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் அவனைப் பார்த்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் வாங்குவார்கள். குதிரை சாதியறிவோ, ஜாக்கியின் திறமையோ, பார்க்கிறவன் மூளையோ இந்த 100-ஐ 26 ஆக்குவதைத் தடுக்கப்போவதில்லை. ஏனென்றால் இது குதிரை ஓடுவதற்கு முன்பே ஓடி முடிந்துவிட்ட பந்தயம்.

இது வெறும் உதாரணக் கணக்குத்தான். நிஜத்தில் இதற்கு மேலேயும் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து, கட்டுகின்ற பணத்தின் மீது 28 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 40 விழுக்காடாயிற்று. அடியில் ஓடுகின்ற எண்களில் இதைப் பற்றி ஏதாவது வந்ததா என்று நாம் அந்த மூன்று தோழர்களையும் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கள்ளத்தனமாகப் பணம் வாங்கும் புக்கியிடம் கட்டினால் வரி இல்லையே என்று ஒருவர் நமக்குச் சமாதானம் சொன்னார். புக்கி தர்மத்துக்குக் கடை வைத்திருக்கிறானா? அவன் தன் பங்கை ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு எட்டு என்ற அந்த விகிதத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறான். தோற்றவனுக்கு ரசீது கூடக் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

இனி டிப்ஸ் என்கின்ற ஜோசியத்தைப் பார்ப்போம். பந்தயத்துக்கு முன் கோட்டு போட்டவர் நான்கு குதிரைகளின் பேரைச் சொல்லுகிறார். "இதுதான் வரும், ஆனால் அதையும் தள்ளிவிட முடியாது. தரை ஈரமாக இருந்தால் மூன்றாவது வரலாம், நாலாவது திடீரென்று வியக்க வைக்கலாம்" என்கிறார். பத்தில் நாலைச் சொல்லிவிட்டால் ஒன்று வராமலா போகும்? வந்தால், "நாம் முன்பே சொன்னோமே" என்கிறார். வராவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அடுத்த பந்தயத்துக்குப் போய்விடுகிறார். பிள்ளை பிறக்கும் என்று புருஷனிடமும், பெண் பிறக்கும் என்று மாமியாரிடமும் சொல்லிவைத்த ஜோசியனை நமது மேடைகளில் எத்தனை தரம் தோலுரித்திருக்கின்றோம்! அதே ஜோசியன் பஞ்சாங்கத்தைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால் நமது தோழர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. குற்றம் யாருடையது? டிப்ஸ் சொல்லுகிறவர் சென்ற சீசனில் எத்தனை சொன்னார், எத்தனை பலித்தது, அவர் பேச்சைக் கேட்டு ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் கட்டியவனுக்கு இன்றைக்கு என்ன மிச்சம் என்று ஒரு வரி அவர் முகத்துக்கு அடியில் ஓடவிட்டால் போதும். வர்ணனைக்காரருக்குத் தொண்டை வலி மிச்சமாகும்.

"இது சூதல்ல, திறமை, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது" என்று ஒரு தோழர் நம்மை மடக்கினார். சொல்லியிருப்பது மெய்தான். அந்தச் சரித்திரம் சென்னைவாசிகள் தெரிந்துகொள்ளவேண்டியதாகும். 1974-ல் கலைஞர் கருணாநிதி அவர்களின் ஆட்சி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. அண்ணா மேம்பாலத்தண்டை திமிறுகிற குதிரையை ஒரு மனிதன் பிடித்து அடக்குகின்ற சிலை இருக்கிறதே, அது அதன் ஞாபகமாக வைக்கப்பட்டதுதான். தினம் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகின்றார்கள். அது எதற்கென்று கேட்டால் ஜெமினிக்காரர்கள் சர்க்கஸ் என்பார்கள்! அந்தச் சட்டம் கோர்ட்டில் மாட்டிக்கொண்டது. 1986-ல் எம்.ஜி.ஆர். அவர்களின் ஆட்சி, சென்னை ரேஸ் கிளப்பையே சர்க்கார் எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் என்பவர் போட்ட வழக்கில், 1996 ஜனவரி 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் திறமையை முக்கியமாகக் கொண்டது, ஆகவே சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புக் கூறி, 1986-ம் வருஷத்துச் சட்டத்தையும் செல்லாதென்றது. குதிரை அவிழ்ந்துகொண்டு போயிற்று. சிலையில் இருக்கிற மனிதன் மாத்திரம் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

தீர்ப்புக்கு நாம் மரியாதை கொடுக்கின்றோம். ஆனால் யோசிக்க வேண்டாம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லையே! திறமை என்கின்றார்களே, யாருடைய திறமை? குதிரைக்குத் திறமை இருக்கிறது. ஜாக்கிக்கு இருக்கிறது. வளர்க்கிறவருக்கும் பழக்குகிறவருக்கும் இருக்கிறது. டீக்கடையில் நிற்கிறவனுக்கு இதில் பங்கு என்ன? "குதிரையின் பழைய ஓட்டங்களை ஆராய்ந்து கட்டுகிறான்" என்பார்கள். சரி. நமது நாட்டில் டெர்பி போன்ற சில பெரிய பந்தயங்கள் தவிர்த்து, பெரும்பாலானவை ஹாண்டிகேப் என்னும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, நன்றாக ஓடுகிற குதிரையின் மீது அதிக எடையும், சுமாராக ஓடுகிற குதிரையின் மீது குறைந்த எடையும் ஏற்றி, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படியாகச் சமப்படுத்துவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு நிபுணரை வைத்திருக்கிறார்கள். எது ஜெயிக்கும் என்று எவனும் சொல்லமுடியாதபடி செய்வதுதான் அவருடைய வேலை. அவருடைய வேலை நன்றாக நடந்தால் உன் ஆராய்ச்சிக்கு இடமேது? நிபுணர் வேலையைத் தோற்கடிக்கக்கூடிய தோழர் பாலவாக்கத்தில் இருந்தால், அவர் டீக்கடையில் கடன் சொல்லிக்கொண்டா இருப்பார்? இந்த எடை விஷயம் ஒளிபரப்பில் வருகிறது. ஐம்பத்தாறு கிலோ, அறுபது கிலோ என்று எண்ணாக வருகிறது. ஏன் ஏற்றினார்கள் என்பதுதான் வருவதில்லை. கோர்ட்டு திறமை என்கிறது, வரி இலாகா இதைச் சூதாட்டம், லாட்டரி இவைகளோடு ஒரே பட்டியலில் வைத்து நாற்பது விழுக்காடு போடுகிறது. இரண்டு பேரும் ஒரே சர்க்காரின் கட்டிடங்களில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் மேலும் குற்றம் உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை. 1968-ல் அண்ணா அவர்கள் ஆட்சியில் சர்க்கார் பரிசுச் சீட்டு ஆரம்பமாயிற்று. நல்ல காரியங்களுக்குப் பணம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஏழையின் ஆசைக்கு விலை போட்டுத்தான் அந்தப் பணம் வந்தது. லாட்டரி தமிழ்நாட்டில் தடையானது 2003-ல், ஜெயலலிதா அம்மையார் ஆட்சியில். தடை செய்தவர் யார் என்று பார்க்காமல் நாம் அதை மெச்சுகின்றோம்.

கிண்டி மைதானத்தின் கதையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகின்றோம். 160 ஏக்கருக்கு மேற்பட்ட சர்க்கார் நிலம் 1945-ல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா. மாதம் ஐம்பத்தொரு ரூபாய்க்குச் சற்று அதிகம். அந்தத் தொகைக்கு இன்று பாலவாக்கத்தில் ஒரு மாதம் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். 2023-ல் சென்னை ஹைகோர்ட்டு 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகைப் பாக்கி கட்டும்படி உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவிப்பாயிற்று. வேளச்சேரி வெள்ளத்துக்காக அங்கே குளங்களும் தோண்டப்பட்டன. அப்பொழுது பழம்பெருமை போச்சே என்று சிலர் கண்ணீர் விட்டார்கள். பழமை என்பதே ஒரு காரணமானால் உடன்கட்டையையும் அல்லவா வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஆனால் அங்கே குதிரைக்குப் புல் போட்டு, சாணம் அள்ளி, ராத்திரி பகலாகத் தொழுவத்தில் கிடந்த சைஸ்காரத் தொழிலாளிகளுடைய வயிறு வேறு விஷயம். அவர்களுக்கு வேறு பிழைப்புக் காட்டவேண்டியது சர்க்காரின் கடமை. பந்தயத்தில் கோப்பை வாங்கினவர்களை எல்லாம் காட்டிய காமிரா, அவர்களை எந்த நாளும் காட்டியதில்லை.

மைதானம் போனாலும் படம் போகவில்லை என்பதைத்தான் பாலவாக்கத்தில் கண்டோம். சென்னையில் மூடினால் வேறு ஊர்க் குதிரை செல்போனில் ஓடுகிறது. ஆகவே மைதானத்தை மூடியதோடு நமது வேலை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

குதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓடுகிற குதிரையின் கால் ஒடிந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. விழுந்த குதிரையைச் சுற்றி நான்கு பேர் ஓடிவந்து ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். காமிராவும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். 2011 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தாண்டுப் பந்தயத்தில் ஆர்னே, டூனிஸ் கேட் என்ற இரண்டு குதிரைகள் விழுந்து செத்தன. மற்றவை இரண்டாம் சுற்றில் அந்தத் தடைகளைச் சுற்றிக்கொண்டு ஓடின. மேலேயிருந்து எடுத்த படத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய உடல்கள் தெரிந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். பந்தயம் அன்றைக்குத்தான் கொடுமையாயிற்றா? அதற்கு முன் அநேகம் குதிரைகள் அங்கே செத்திருக்கின்றன. அன்றைக்குத்தான் படம் சற்று உண்மையாக இருந்தது.

நல்ல ஒளிபரப்பு என்பது முடியாத காரியமல்ல என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பொது டெலிவிஷன் ஸ்தாபனமாகிய ஏ.பி.சி., 2019 அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள் குவீன்ஸ்லாந்தில் ஒரு கசாப்புச் சாலைக்குப் போவதையும், அங்கே அவை படும் பாட்டையும் ஒளித்து வைத்த காமிராவினால் எடுத்துக் காட்டிவிட்டது. அந்த மாகாண சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. கோப்பை கொடுக்கும் காட்சியைக் காட்டுகிற அதே கருவிதான் அங்கேயும். பிடித்த கை வேறு.

"கிரிக்கெட்டிலும்தான் சூது நடக்கிறது, அதை விட்டுவிட்டுக் குதிரையைப் பிடிப்பானேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. கிரிக்கெட்டில் பந்தயம் கட்டாமலும் பார்க்கலாம், பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். குதிரைப் பந்தயத்திலிருந்து பணத்தை எடுத்துவிட்டால் அதைப் பார்க்க எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த டீக்கடையில் நான்காம் தோழர், பணம் கட்டாதவர், மூன்றாவது பந்தயத்தின்போது பஜ்ஜி தின்னப் போய்விட்டார்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. இந்தப் படத்தை யார் காட்டினாலும், விகிதம் ஓடுகிற அதே இடத்தில், இந்தப் பந்தயத்துக்கு ஜனங்களிடம் வாங்கினது இவ்வளவு, திருப்பிக் கொடுத்தது இவ்வளவு, நடுவில் நின்றது இவ்வளவு என்று மூன்று எண்களைப் போடவேண்டும். தமிழர்கள் பார்க்கிற இடத்தில் தமிழில் போடவேண்டும். விழுந்த குதிரையின் பேரைச் சொல்லவேண்டும். ஒன்பதாவதாக வந்த குதிரையையும் அரை நிமிஷம் காட்டவேண்டும். இதைச் செய்தால் பந்தயம் கெட்டுவிடும் என்று அவர்கள் சொல்லுவார்களானால், உண்மையைச் சொன்னால் கெட்டுப்போகிற தொழில் அது என்று அவர்களே ஒப்புக்கொண்டவர்களாவார்கள்.

அவர்கள் போடும்வரை நாம் போட்டுக் காட்டுவது என்று பாலவாக்கம் தோழர்களோடு கலந்து முடிவு செய்திருக்கின்றோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே திண்ணையில், செல்போனைச் சுவரில் பெரிதாக விழும்படி செய்து ரேஸ் ஓடும். பக்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கும். மூன்று தோழர்களும் தாங்கள் வழக்கம்போல் கட்டுகிற குதிரையின் பேரைச் சொல்லவேண்டியது, பணத்தைக் கட்டவேண்டியதில்லை. சொன்னதும் வந்ததும் போனதும் பலகையில் ஏறும். பலகை எழுதுவதற்கு, மீன் விற்கும் அந்த அம்மாளையே கேட்டுக்கொண்டோம். அவர் சித்திரை மாதத்திலிருந்து இன்றுவரை வீட்டிலிருந்து போன பணத்தையெல்லாம், பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாராம். அந்த நோட்டையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் மாலை நாலு மணிக்கு.